கோணல் கல்லை எதில் பிடிப்பது?

போன மாதம் என் அக்கா மகள் ஈப்போவிலிருந்து வந்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினாள். 11 கற்கள். ஒன்றுகூட வட்டமில்லை, நீள்வட்டமும் இல்லை. ஈசல் சிறகு மாதிரி மெலிந்த அகேட் துண்டு ஒன்று, பூண்டுப் பல் போல வளைந்த சந்திரகாந்தக்கல் ஒன்று, பின்பக்கம் மேடும் பள்ளமுமான டர்க்வாய்ஸ் இரண்டு, சுண்டுவிரல் நகத்தளவு ஓபல் ஒன்று. மீதி ஆறும் அவளே சுங்கை பிளஸ் ஆற்றோரம் பொறுக்கிய வெள்ளைப் படிகக் கற்கள்.

"மாமா, இதுங்க உருவத்த மாத்தாம பதக்கம் பண்ணணும். வட்டமா வெட்டச் சொல்லாதீங்க. உங்ககிட்ட மெஷின் இருக்கு, சரி. ஆனா எதுல ஒட்டிப் பிடிக்கிறது? சூப்பர் குளூ போதுமா, அந்த மெழுகு வாங்கணுமா?"

நல்ல கேள்வி. கல் தீட்டுவதில் பாதிக்கு மேல் பிடிப்பதில்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பழைய ஆறு சக்கர மெஷின் வைத்திருக்கிறேன். 2014, 2015இல் இந்தோனேசியாவில் பற்றிக்கொண்ட 'பத்து ஆக்கிக்' (மலாயில் அகேட் கல்) மோதிர மோகம் இங்கே மலேசியாவுக்கும் வந்து, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில்கூட மோதிரக்கல் விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அலை அடங்கியபின் ஒருவர் விற்ற மெஷின் இது. அன்றிலிருந்து இந்த வேலை என்னை விடவில்லை.

எந்தப் பசை பலமாகப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, எப்படிக் கழற்றப்போகிறோம் என்பது. வட்டமான கபோஷானை, அதாவது மேல்பக்கம் வழவழப்பாகக் குவிந்த கல்லை, ஒரு தடவை குச்சியில் ஒட்டினால் மேல்பக்கம் முழுக்க முடிந்துவிடும். பிறகு கழற்றிப் பின்பக்கத்தைச் சமன் செய்தால் வேலை தீர்ந்தது. கோணல் கல்லுக்கு அப்படி இல்லை. முன்பக்கம் பார்க்க ஒரு பிடி, வளைந்த விளிம்பு பார்க்க இன்னொரு பிடி, பின்பக்கத்துக்கு மூன்றாவது. தீட்டத் தீட்டக் கல்லே தன் உருவத்தைக் காட்டும். அப்போது ஒட்டிய கோணம் தப்பென்று தெரியவரும். மூன்று நான்கு தடவை கழற்றி ஒட்டியாக வேண்டிய கல்லுக்கு, விடவே விடாத பசை எதற்கு?

முதலில் வெறுங்கை. இதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு என் முதல் தேர்வு கைதான். விரலில் இருக்கும் கல்லை எந்தப் பக்கமும் உருட்டலாம், குழிவும் மேடும் தடவியே தெரியும், கழற்றும் வேலையும் இல்லை. இன்னொன்று, சூடு. கல் சுட ஆரம்பித்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும், எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொள்வோம். குச்சியில் ஒட்டிய கல் எவ்வளவு சுட்டாலும் குச்சி பிடித்த கைக்குத் தெரியாது. அடிக்கடி கல்லைப் புறங்கையில் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சின்னக் கல்லைக் கையில் பிடிக்கக் கூடாது. 80 கிரிட் சக்கரத்தில் (கிரிட் எண் குறைந்தால் முரடு, கூடினால் நுண்மை) விரல் பட்டால் உடனே எரியும், எடுத்துவிடுவோம். ஆபத்து அங்கே இல்லை. 600, 1200 சக்கரங்கள் தோலை வலிக்காமலே தேய்க்கும். ஈரத்தில் ஊறிய விரலுக்கு உணர்ச்சியும் குறைவு. வேலை முடிந்து கை கழுவும்போதுதான் நுனியில் ரத்தம் தெரியும். முழுக் கையுறை போடக் கூடாது, சுற்றும் சக்கரம் துணியையும் ரப்பரையும் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான ரப்பர் கையுறையிலிருந்து ஒரு விரலை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். சக்கரத்தை விட்டு விலகியிருக்கும் விரல்களில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றினாலும் வழுக்காமல் பிடிக்கும். நம் ஊரில் ரப்பருக்கா பஞ்சம்? 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது.

கல்லைச் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துத் தீட்டுங்கள். கூரான விளிம்பைச் சுழற்சிக்கு எதிராக நீட்டினால் சக்கரம் பிடுங்கி எறிந்துவிடும். விளிம்பு எப்போதும் சுழற்சியின் போக்கில் பின்னால் இழுபட வேண்டும்.

அடுத்தது அரக்கு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, தீபாவளிக்கு முன்னால் எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஒரு பத்தர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து, கரிச்சட்டியை ஊதி, ஒரு கட்டையின் தலையில் இருக்கும் அரக்கை இளக்கி, அதில் தோட்டையோ மூக்குத்தியையோ பதித்து வேலை செய்வார். எவ்வளவு சின்ன நகையானாலும் அசையாது. வேலை முடிந்ததும் மறுபடி சூடு காட்டினால் கையோடு வந்துவிடும். கல் தீட்டுகிறவர்கள் டாப் மெழுகு என்று குச்சி குச்சியாக வாங்குவதும் அதே வழிதான். அரக்கோ வேறு பிசினோ சேர்த்து, கொஞ்சம் மண்தூள் கலந்து செய்திருப்பார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின் சுமார் 75 முதல் 80 டிகிரியில் உருகும். பத்தர்கள் அதோடு குங்கிலியமும் செங்கல் தூளும் சேர்ப்பார்கள். மலாய்க்காரர்கள் டாமார் என்று சொல்வதும் குங்கிலிய வகைப் பிசின்தான். செங்கல் தூள் சேர்த்தால் கலவை இறுகும். வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அந்த இறுக்கம் தேவை. மென்மையான மெழுகு எங்கள் பின்கட்டில் மத்தியானம் 2 மணிக்கு மெல்ல வளைந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒட்டி, வெயில் ஏறுமுன் முரட்டுச் சக்கர வேலையை முடிப்பதுதான் என் வழக்கம்.

கோணல் கல்லுக்கு அரக்கு பொருந்தக் காரணம், அது பள்ளத்தை நிரப்பும், மேட்டைச் சுற்றி ஏறும். கல்லின் பின்பக்கம் எப்படி இருந்தாலும் சரி, அதன் வடிவத்துக்கு ஏற்ற மெத்தை ஒன்றை நாமே செய்துவிடலாம். மற்ற எந்தப் பசையும் இவ்வளவு பணிந்து போவதில்லை.

அரக்கு விட்டுப்போகிறது என்று குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் கல்லைச் சுட வைத்திருக்க மாட்டார்கள். குச்சியில் சூடான அரக்கு, கல்லோ குளிர்ந்தது, இரண்டும் சேராது. நம் காற்றில் ஈரம் அதிகம், கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். நான் செய்வது இது. கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பின்பக்கத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாகத் தடவிக் காய விடுவேன். ஒரு தகரத் தட்டின்மேல் கல்லை வைத்து, தட்டுக்குக் கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, மெதுவாகச் சூடேற்றுவேன். கல்லின்மேல் மிளகளவு அரக்குத் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் போதும், அது இளகிப் பரவும்போது கல் தயார். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். பிறகு அரக்கு ஏற்றிய குச்சியை அழுத்தி, ஈர விரலால் அரக்கை மேல்நோக்கித் தள்ளி, புனல் வடிவத்தில் கல்லைத் தாங்கும்படி செய்ய வேண்டும். அரக்கு விளிம்பைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அப்புறம் கால் மணி நேரம் தொடாமல் ஆற விட வேண்டும்.

குச்சி விஷயத்தில் செலவே வேண்டாம். கடையில் கொடுக்கும் மூங்கில் சாப்ஸ்டிக் சின்னக் கல்லுக்குப் போதும். இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி மிகவும் மெலிது, வளைந்துவிடும். பெரிய கல்லுக்கு விரல் பருமன் மரக்குச்சி. நீளமான கல்லானால் குச்சியை நடு அளவு பார்த்து ஒட்டாதீர்கள், கனம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டுங்கள். விரல் நுனியில் கல்லை நிறுத்திப் பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.

கழற்றுவது சுலபம். ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால், கல்லும் அரக்கும் வேறு வேறு அளவில் சுருங்கியிருக்கும். கத்தி முனையால் லேசாக நெம்பினால் டக்கென்று வந்துவிடும். மிச்சம் ஒட்டியிருப்பதை ஸ்பிரிட்டில் துடைக்கலாம். விரிசல் உள்ள கல்லையும் ஓபலையும் மட்டும் ஐஸ் பெட்டிக்குக் காட்டாதீர்கள். கோணம் மாற்ற மட்டும் என்றால் கழற்றவே வேண்டாம். திரும்பச் சூடு காட்டி, சாய்த்து, ஆற விடலாம். இந்த ஒன்றுக்காகவே கோணல் கல்லுக்கு அரக்கு என்பேன்.

அரக்கின் குறையும் சூடுதான். மெருகு ஏற்றும்போது தோல் சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூளைப் பூசி அழுத்துவோம். தண்ணீர் குறையும்போதுதான் பளபளப்பு ஏறும், அப்போதுதான் கல்லும் சுடும். அரக்கு இளகிக் கல் நகர்ந்துவிடும். ஆசைப்பட்டு அழுத்தாமல், நான்கைந்து விநாடிக்கு ஒரு தடவை எடுத்துவிட வேண்டும்.

இனி சூப்பர் குளூ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் இது. தொட்டதில் எல்லாம் ஒட்டுகிறது என்று அன்றைக்கு ஒதுக்கி வைத்தார்கள். 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருளிலும் உள்ள ஈரம்தான் அதை இறுக வைக்கிறது. அதனால் நம் ஊரில் அது வேகமாகவே பிடிக்கும். பக்கத்தில் மெருகேற்றிய பகுதி இருந்தால் வெள்ளைப் புகை மாதிரி படிவதும் உண்டு. பயப்பட வேண்டாம், அசிட்டோனில் போய்விடும்.

சூடு வேண்டாம், விளக்கு வேண்டாம், இரண்டு நிமிடத்தில் வேலை ஆரம்பிக்கலாம். இவை உண்மையான நன்மைகள்தான். ஆனால் சூப்பர் குளூ மெல்லிய படலமாக இருந்தால்தான் பலம். பள்ளத்தை நிரப்பும் குணம் அதற்கு இல்லை. மேடும் பள்ளமுமான பின்பக்கத்தில் ஒட்டினால் மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் பிடித்திருக்கும், 80 கிரிட் சக்கரம் ஒரு தட்டுத் தட்டினால் தெறித்துவிடும். அது நொறுங்கும் பசை, நெகிழாது. நான் இப்படி இழந்தது ஒரு நல்ல சந்திரகாந்தக்கல். அந்தக் கல்லுக்குள் பிளவுத் தளங்கள் இரண்டு திசையில் ஓடும். தரையில் விழுந்தது, புத்தகம் திறந்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது. இன்றும் அந்த இரு பாதியையும் வைத்திருக்கிறேன்.

பிறகு கற்றுக்கொண்டவை. பின்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்காவது ஒரு சமதளம் தீட்டிக்கொண்டு, தலை அகன்ற ஆணியின் தலையில் ஒட்டினால் நன்றாக நிற்கும். சமதளம் எடுக்க முடியாத கல்லானால், ஆணித் தலையைச் சுற்றிச் சமையல் சோடாத் தூள் ஒரு சிட்டிகை தூவி அதன்மேல் குளூ விட்டால் உடனே கல் மாதிரி இறுகி இடைவெளியை அடைக்கும். அந்த நொடியில் கொஞ்சம் சுடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். மரக்குச்சியின் வெட்டுமுனையில் ஒட்டுவதானால் முதலில் ஒரு சொட்டு விட்டு அது உறிஞ்சிக் காய்ந்தபின் இரண்டாம் சொட்டில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பசை எல்லாம் மரத்துக்குள் போய்விடும்.

கழற்ற அசிட்டோன் வேண்டும். மருந்துக்கடையில் நகச்சாயம் அழிக்க விற்பதில் அசிட்டோன் இல்லாததும் உண்டு, பார்த்து வாங்குங்கள். ஓரத்திலிருந்துதான் அது உள்ளே நுழைய வேண்டும் என்பதால் ஒரு இரவு ஊற வேண்டியிருக்கும். மூன்று தடவை பிடி மாற்றுவதென்றால் மூன்று இரவு. சாயம் ஏற்றிய கல், பிசின் ஊட்டிக் கெட்டிப்படுத்திய டர்க்வாய்ஸ், முத்து, அம்பர் இவற்றை அசிட்டோனில் போடக் கூடாது. கடையில் கிடைக்கும் டர்க்வாய்ஸ் பெரும்பாலும் பிசின் ஊட்டியதுதான். ஊட்டாததோ நுண்துளைக் கல், குளூவை உறிஞ்சிக் கறுத்துவிடும். அசிட்டோனும் ஸ்பிரிட் விளக்கும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது, ஆவியே தீப்பற்றும். சூப்பர் குளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் அது கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். ஒட்டியதைத் தீயில் காட்டிக் கழற்றவும் வேண்டாம், அந்தப் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்.

இரண்டு குழாயைக் கலக்கும் எப்பாக்ஸி, அரால்டைட் மாதிரி, பள்ளத்தையும் நிரப்பும், பலமாகவும் பிடிக்கும். கழற்றுவதுதான் பெரும்பாடு. 5 நிமிட வகை வெந்நீரில் கொஞ்சம் இளகும், 24 மணி நேர வகை அதற்கும் அவ்வளவாக அசையாது. கழற்றத் தேவையே இல்லாத இடத்தில் மட்டும் நான் அதை எடுக்கிறேன். எங்கள் டப்பாவில் அப்படிப்பட்ட கல் ஒன்று இருந்தது, சிறகு மாதிரி அகேட். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன், எந்தக் குச்சியில் ஒட்டினாலும் ஓரம் முறியும். ஒரு கருங்கல் பட்டையில் சமதளம் தீட்டி, அதன்மேல் அகேட்டை 24 மணி நேர எப்பாக்ஸியில் ஒட்டி, இரண்டையும் ஒரே கல்லாக்கினோம். பின்னால் கறுப்பு இருந்ததால் அகேட்டின் வரிகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. தடிமன் கூடியதும் அந்தக் கோணல் உருவத்தைக் கையிலேயே பிடித்துத் தீட்ட முடிந்தது.

பிடிக்கவே வேண்டாத வழியும் ஒன்று இருக்கிறது, உருளைப் பீப்பாய். கல்லையும் சிலிக்கன் கார்பைடு தூளையும் தண்ணீரையும் போட்டு, இரவும் பகலும் உருள விட வேண்டும். முரடு, நடு, நுண், மெருகு என்று நான்கு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். ஆற்றுக்கல்லுக்கு இதுவே சரி. ஆறு ஏற்கனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. மோஸ் கடின அளவுகோலில் படிகத்தின் கடினம் 7, எல்லாம் ஒரே இனம், ஒன்றை ஒன்று சமமாகத் தேய்க்கும். அதில் டர்க்வாய்ஸைப் போட்டால் அதன் கடினம் 5, 6தான், படிகங்களுக்கு நடுவே கரைந்தே போகும். பீப்பாய் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால்தான் கல் தடதடவென்று விழாமல் வழுக்கி உருளும். ஆறு கல் போதாது என்பதால் பீங்கான் உருண்டைகள் சேர்க்க வேண்டும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாரும் வேண்டும். கூர்முனையைக் காப்பாற்ற வேண்டிய கல்லுக்கு இந்த வழி ஆகாது, முனை எல்லாம் மழுங்கிவிடும்.

எந்த வழியானாலும் தண்ணீர் இல்லாமல் தீட்டாதீர்கள். அகேட், படிகம் எல்லாம் சிலிக்கா. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் தழும்பேறிவிடும், திரும்பச் சரியாகாது. மெஷினைச் சுற்றிக் காய்ந்து கிடக்கும் சேற்றையும் விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இதை அவளிடம் மூன்று தடவை சொன்னேன்.

ஆக, 11 கல்லில் ஆறு பீப்பாய்க்கும், அகேட் எப்பாக்ஸிக்கும் போய்விட்டன. டர்க்வாய்ஸ் இரண்டுக்கும் அரக்கு. அசிட்டோனும் குளூவும் அதற்குப் பகை, பின்பக்கமோ மேடு பள்ளம். இந்தக் கல்லுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கையும் தடவவில்லை, அதையும் உறிஞ்சிவிடும் என்ற பயம்தான். மிதமான சூட்டில் நேரே ஒட்டினோம். அதனால் முரட்டுச் சக்கரத்தில் மெல்லத்தான் அழுத்த முடிந்தது, பரவாயில்லை.

ஓபலுக்குத்தான் நான் அரக்கை விட்டுக்கொடுத்தேன். ஓபலுக்குள் தண்ணீர் இருக்கிறது, சூடேற்றினால் வெடிப்பு விடும். ஆனால் குளூ போடும் முன் ஒரு சோதனை. கல்லை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாக்கில் ஒட்டினால் அது நீரை உறிஞ்சும் வகை, எத்தியோப்பியாவிலிருந்து நிறைய வருவது. அந்த வகை தண்ணீர் பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகி, வண்ணமே மறைந்து, காய்ந்தபின்தான் திரும்ப வரும். பசையையும் அசிட்டோனையும்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் கல் ஒட்டவில்லை. பின்பக்கத்தில் சின்னச் சமதளம், ஆணித் தலை, ஒரு சொட்டு சூப்பர் குளூ. ஒரே பிடியில் முடித்துவிடக்கூடிய அளவுதான் அது. பிறகு மூடிய சாடியில் அசிட்டோனில் ஒரு இரவு ஊறி, காலையில் தானாகக் கழன்று கிடந்தது.

சந்திரகாந்தக்கல் கடைசி. அதன் நீல ஒளி எல்லாப் பக்கமும் தெரியாது. கல்லுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றனவோ, அதற்கு ஏற்றபடி மேல்வளைவு அமைந்தால்தான் ஒளி நடுவில் நிற்கும். வளைந்த கல்லில் அந்தத் திசையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மெல்லச் சூடேற்றி அரக்கில் ஒட்டி, 220 சக்கரத்தில் கொஞ்சம் தீட்டி, நனைத்து விளக்குக்குக் கீழே பார்த்தோம். நீலம் ஒரு ஓரத்தில் ஒதுங்கி நின்றது. திரும்பச் சூடு காட்டிச் சாய்த்தோம். இன்னும் கொஞ்சம் தள்ளியே இருந்தது. மூன்றாவது தடவை அவளே விளக்கில் காட்டி, ஈர விரலால் அரக்கைத் தள்ளி, கல்லை இம்மியளவு திருப்பினாள். ஆற விட்டு, வளைவைத் திருத்தி, 600இல் ஒரு சுற்று ஓட்டியபோது நீலம் பூண்டுப் பல்லின் நடு முதுகுக்கு வந்து நின்றது.

"மாமா, இத மட்டும் கழட்டாதீங்க, நானே மெருகு போடுறேன்" என்றாள். நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.